லட்சம் ஒன்றாவது எப்படி?

வீட்டுக் கணக்கு மென்பொருளில் 1,00,000 என்று பதிகிறீர்கள் எனக் கொள்வோம். அதைப் படிப்பது ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் ‘பார்ஸ்ஃப்ளோட்’ கட்டளையானால், முதல் காற்புள்ளியிலேயே நின்றுவிடும். அதற்குக் கிடைப்பது 1. பிழை என்று ஒரு சொல்லும் வராது. உங்கள் லட்சம் ஒரு ரூபாயாகிவிட்டது!

திருத்த வருபவர்களில் சிலர் காற்புள்ளியையே தடுத்துவிடுகிறார்கள். இது தலைவலிக்குத் தலையை வெட்டும் வைத்தியம். நீக்கிவிட்டுப் படித்தால் என்ன என்பீர்கள். ஜெர்மானியர் 12,50 என்று எழுதினால் பன்னிரண்டரை. காற்புள்ளியை நீக்கினால் 1250 ஆகிவிடும்.

1998இல் முதற்பதிப்பு கண்ட ‘குனூகேஷ்’ இலவச மென்பொருள். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். காற்புள்ளியை அது கணிப்பொறியில் அமைத்துள்ள நாட்டு வழக்கின்படி படிக்கிறது. தொகையைப் பின்னமாகவே சேமிக்கிறது: 12.50 என்பது 1250/100. ஆகவே தசமத்தில் பைசா நழுவுவதில்லை. இவ்வளவும் பாராட்டத்தக்கதே.

ஆனால் எதிர்க்கணக்கைக் குறிக்க மறந்தீர்களானால், தொகையைச் ‘சமனின்மை’ என்றொரு கணக்கில் தானே போட்டுவிடுகிறது. பிழையை மறைக்கவில்லை, உண்மைதான். எனினும் இரட்டைப் பதிவு அறியாத புதியவர் அந்தத் தலைப்பைக் கவனிக்காமலே மாதங்களை ஓட்டிவிடக் கூடும். பதியும்போதே, “எந்தக் கணக்கில்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.