யார் கோடாகிப் போவது?

வேகத்தை அப்படியே படம் பிடித்துவிட முடியாது. முடியும் என்று சொல்கிறவர்கள் நம்மிடம் நீட்டுவது, வேகமாகப் போகும் ஒன்றுக்காக மற்றதையெல்லாம் அழித்த படத்தை. மோட்டார் பந்தயப் புகைப்படக்காரர்கள் இதை 'பேனிங்' என்கிறார்கள். இது வெறும் கைத்திறன்தானே, இதில் அரசியல் எங்கே வந்தது என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. அந்தக் கைத்திறனில்தான் வந்தது.

ஷட்டரை நொடியில் 1000-ல் ஒரு பங்குக்கு வைத்து எடுத்தால் கார் உறைந்துபோகும். பறக்கிறதா, ஷெட்டில் நிற்கிறதா என்றே தெரியாது. ஆகவே ஷட்டரை மெதுவாக்குகிறார்கள்: 125-ல் ஒரு பங்கு, 60-ல் ஒரு பங்கு, துணிச்சல் இருந்தால் 30. காலை ஊன்றி இடுப்பை மட்டும் திருப்பி, கார் தூரத்தில் வரும்போதே அதைப் பிடித்துக்கொண்டு கூடவே வரணும். நேர் எதிரே வருகிறபோது அமுக்கணும். அமுக்கினதும் நின்றுவிடக் கூடாது. படம் விழுந்த பிறகும் உடம்பு திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு இயந்திரத்தின் அசைவுக்குத் தன் உடலை ஒப்புக்கொடுக்கிற பயிற்சி இது. தேறுகிற படத்தில் கார் தெளிவாக இருக்கும், பின்னால் இருந்ததெல்லாம் கோடுகளாக இழுபட்டிருக்கும்.

அந்தக் கோடுகள் யார்? கம்பிவேலிக்கு அப்பால் நிற்கும் ஜனங்கள், கொடியோடு நிற்கும் மார்ஷல்கள், ஆம்புலன்ஸ். தொழில்நுட்பப் பேச்சில் இவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர்: தொந்தரவான பின்னணி.

இன்னொன்று. கேமரா வட்டமாகத் திரும்புகிறது, கார் நேர்கோட்டில் போகிறது. அதனால் ஷட்டர் மெதுவாக ஆக, காரே முழுசாகத் தெளியாது. ஒரு இடம்தான் தெளியும். எந்த இடம்? ஓட்டுகிறவரின் ஹெல்மெட்டா, பக்கவாட்டு எழுத்தா? 1968-ல் லோட்டஸ் அணி தன் பச்சை நிறத்தைக் கைவிட்டு கோல்ட் லீஃப் சிகரெட்டின் சிவப்பு, வெள்ளை, தங்க நிறங்களைப் பூசிக்கொண்ட பிறகு இது வெறும் அழகியல் கேள்வியாக இல்லை. உலகமே கரைந்து ஓட, வாசிக்கக் கூடியதாக மிஞ்சுவது ஒரு சிகரெட்டின் பெயர். விளம்பரக்காரன் வேறென்ன கேட்பான்?

இந்தப் பார்வையைக் காட்டிக்கொடுக்கிற படம் ரொம்ப முன்னாலேயே எடுக்கப்பட்டுவிட்டது. பிரெஞ்சு ஆட்டோமொபைல் கிளப்பின் கிராண்ட் பிரீயில் ழாக் ஆன்ரி லார்த்திக் எடுத்தது. 1912-ஆ, 1913-ஆ என்று இன்னும் சர்ச்சை. அவருக்கு அப்போது இருபது வயது ஆகவில்லை. 6-ஆம் எண் கார், மூக்கு சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. சக்கரம் முட்டை வடிவில் முன்னோக்கிச் சாய்கிறது. ஓரத்தில் நிற்கும் மனிதர்களும் கம்பங்களும் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள்.

காரணம் எளிது. அந்த ஷட்டர் ஒரு திரை, அதில் ஒரு பிளவு. பிளவு நகர நகர, தரை முதலில் பதிகிறது, மேற்பகுதி பிறகு. அதற்குள் கார் முன்னே போய்விட்டது. கேமராவும் திரும்பியதால் மனிதர்கள் பின்னே தள்ளப்பட்டார்கள். லார்த்திக் அசையாமல் நின்றிருந்தால் மனிதர்கள் நேராக நின்றிருப்பார்கள். காரோடு கச்சிதமாகத் திரும்பியிருந்தால் சக்கரம் வட்டமாக இருந்திருக்கும், மனிதர்கள் இன்னும் சாய்ந்திருப்பார்கள். சக்கரத்தின் அந்தச் சாய்வு, ஒரு பையனின் இடுப்பு இயந்திரத்துக்குப் பின்தங்கிப்போன அளவு. 1963-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்ததற்குப் பிறகுதான் உலகம் அவரைக் கவனித்தது. வேகத்தின் சின்னம் என்று இந்தப் படத்தைக் கொண்டாடுகிறார்கள். எனக்கென்னவோ, தெளிவுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற கணக்கு அழிபடாமல் இருப்பதுதான் இதன் பலம். கச்சிதமான பேனிங்கில் அந்தக் கணக்கு அழிந்துவிடுகிறது.

இதைக் கோட்பாட்டு விளையாட்டு என்று சொல்பவர்கள் 1955 ஜூன் 11-ஐ யோசிக்கலாம். லெ மான் பந்தயத்தில் பியர் லெவெக்கின் மெர்சிடிஸ் மோதித் தெறித்து, அந்தப் பின்னணிக்குள்ளேயே போய் விழுந்தது. பார்வையாளர்கள் 80 பேருக்கு மேல் செத்தார்கள். பந்தயம் நிற்கவில்லை, 24 மணி நேரமும் ஓடி முடிந்தது.

வேலியோர முகங்கள் மீது கேமராவை அசையாமல் வைத்து, காரைக் கோடாக ஓடவிடுவதும் அதே 30-ல் ஒரு பங்கில் நடக்கிற காரியம்தான். அப்படி எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் படத்துக்கு ஸ்பான்சர் காசு கொடுக்க மாட்டான், அவ்வளவுதான்.