அந்த ஒரு ‘ட்’

என் நண்பர் ஒருவர் ஜப்பானிய நடத்துநர் சுஸுகியின் கட்சி. பாக்கின் கான்டாட்டா என்றால் கோபேயில் ஒரு கல்லூரிச் சிற்றாலயத்தில் பதிவானதுதான் பதிவு, மற்றதெல்லாம் ஒத்திகை என்பார். அந்தப் பதிவு வரிசையை 1995-ல் தொடங்கி 2013-ல் முடித்தார்கள். பதினெட்டு வருஷத்தில் ஒரு பிசிறு கிடையாது. நான் மறுக்கவில்லை. ஆனால் பிசிறே இல்லாத இடத்தில் எனக்குக் கொஞ்சம் மூச்சு முட்டும். நான் ஆங்கிலேய நடத்துநர் கார்டினரின் மான்டெவெர்டி கொயர் கட்சி. அதிலும் 2000-ஆம் ஆண்டு கொயர்.

1999 கிறிஸ்துமஸ் அன்று வைமரில் ஒரு கச்சேரிப் பயணத்தை ஆரம்பித்து, 2000 டிசம்பர் 31-ல் நியூயார்க்கில் முடித்தார்கள். மிஞ்சியிருக்கும் திருச்சபைக் கான்டாட்டாக்கள், ஏறக்குறைய இருநூறு. எது எந்த ஞாயிறுக்கு எழுதப்பட்டதோ, கூடியவரை அந்த ஞாயிறிலேயே பாடினார்கள். பாக்கின் 250-ஆம் நினைவு நாளான ஜூலை 28 அன்று அயோனா தீவு மடாலயத்தில் இருந்தார்கள். கச்சேரிகளுக்குக் கருப்பொருள் என்று தனியாக ஒன்றைத் தேடவே இல்லை. பஞ்சாங்கம்தான் கருப்பொருள். மார்கழி ஏழாம் நாள் ஏழாம் பாசுரம் பாடுகிற ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பஞ்சாங்கம் எல்லா வருஷமும் ஒத்துழைக்காது. 140-ஆம் கான்டாட்டாவின் ஞாயிறு ஈஸ்டர் மிக முன்னதாக விழுந்தால்தான் வரும். 2000-ல் ஈஸ்டர் ஏப்ரல் 23. அந்த ஞாயிறு வரவே இல்லை. அதற்காக விட்டுவிட முடியுமா? வேறொரு ஞாயிறில் இடம் பண்ணிக் கொடுத்தார்கள். இப்படி இடம் பண்ணிக் கொடுக்கிற குடும்பங்களை நமக்குத் தெரியும்.

அந்த ஏப்ரல் 23-க்கு வருகிறேன். ஐஸெனாக் ஊர், கியோர்க் ஆலயம். பாக் ஞானஸ்நானம் பெற்ற இடம். ஊருக்கு மேலே மலையில் வார்ட்பர்க் கோட்டை, லூத்தர் புதிய ஏற்பாட்டை ஜெர்மனுக்குக் கொண்டுவந்த இடம். அந்த ஆலயத்தில், உயிர்த்தெழுந்த பண்டிகையன்று, லூத்தரின் ஈஸ்டர் பாட்டின் ஏழு சரணத்தையும் ஒரே மெட்டில் கட்டிய நான்காம் கான்டாட்டா. முன்னும் பின்னும் மும்மூன்று சரணங்கள், நட்டநடுவில் நான்காவது. வாழ்வுக்கும் சாவுக்கும் நடக்கிற சண்டை. வயலின்கள் வாயை மூடிக்கொள்கின்றன. ஆல்ட்டோ மூலமெட்டை நீட்டி நீட்டிப் பிடிக்க, மற்ற மூன்று குரல்களும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு நுழைகின்றன. ஒரு சாவை இன்னொரு சாவு விழுங்கியது என்கிற இடத்தில், முன்னால் போன குரலின் வாலைப் பின்னால் வருகிற குரல் கவ்வுகிறது. குரலுக்கு ஓர் ஆள் போதும் என்கிற ரிஃப்கின் கட்சிக்காரர்கள் இந்த இடத்தை மட்டும் ஒருமுறை கேட்கட்டும். நாலு பேர் பாடினால் அது வாக்குவாதம். சண்டைக்குப் படை வேண்டும்.

அதற்கப்புறம்தான் நான் காத்திருக்கிற சொல். ஏளனம் என்று பொருள்படும் ‘ஷ்பொட்’. சாவு கேலிப்பொருளாகிவிட்டது என்று அதைக் குரலுக்குக் குரல் தட்டிவிடுகிறார்கள். அந்தக் கடைசி ‘ட்’டைக் கவனிக்க வேண்டும். எல்லோருடைய நாக்கும் ஒரே நொடியில் பல்லுக்குப் பின்னால் தட்டி விலகுகிறது. ஒலி நின்ற பிறகு ஆலயச் சுவரில் போய் ஒட்டுகிறது. சுஸுகி குழுவிலும் அந்த ‘ட்’ இருக்கிறது, சுத்தமாக. ஐஸெனாக்கில் அது எச்சிலோடு வருகிறது. கேலி அப்படித்தான் வரும்.

இந்த ‘ட்’டில் எனக்கு இவ்வளவு பித்து ஏன் என்றால், எங்களால் அது முடிந்ததில்லை. வல்லின மெய்யில் சொல்லை முடிக்க நம் இலக்கணம் விடாது. ஓர் உகரத்தைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்துவிடுவோம். சிறுவயதில் எங்கள் லுத்தரன் ஆலயத்துக் கொயரில் வெளிநாட்டு ஆன்தம் எடுத்தால் எல்லாச் சொல்லுக்கும் உகர வால் முளைக்கும். கொயர் மாஸ்டர் பெடல் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு, “வாலை வெட்டுங்கய்யா” என்பார். ஆனால் தமிழ் ஞானப்பாட்டு எடுத்தால் அவருக்கு வேலையே இல்லை. 1706-ல் ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கினார். 1707 வாக்கில்தான், இருபத்திரண்டு வயதில், பாக் இந்த நான்காம் கான்டாட்டாவை எழுதியிருக்க வேண்டும் என்கிறார்கள். பின்னால் ஃபப்ரிசியுஸ் வரை வந்தவர்கள் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கினார்கள், மெட்டில் கைவைக்கவில்லை. அதனால் கான்டாட்டாவின் கடைசியில் கொயர் நேராக நின்று கோராலைப் பிடிக்கும்போது எனக்கு அது அயல்நாட்டு இசையாகக் கேட்பதில்லை. ஞாயிறு காலை, கஞ்சி போட்ட வேட்டி, நம்பர் பலகை, அவ்வளவுதான்.

இப்போது நம்பர் பலகை வெறுமனே தொங்குகிறது. கருப்பொருளுக்கு மட்டும் பஞ்சமில்லை. போன டிசம்பரில் ஒரு கொயர் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். அழைப்பிதழில் ‘ஒளி’. மேடையில் ஒளி, சட்டையில் ஒளி, தொகுப்பாளர் வாயில் ஒளி. பாட்டில் மட்டும் எதற்கு எது பின்னால் வருகிறது என்பதற்கு ஒரு காரணமும் இல்லை. பாதிப் பாட்டுக்கு மைனஸ் ட்ராக். ஆகமன காலம் முடியவில்லை, அதற்குள் கிறிஸ்து பிறந்துவிட்டார். காத்திருக்கத் தெரியாத கொயருக்குக் கருப்பொருள் எதற்கு?

அதனால் எனக்கென்று ஒரு விரதம் வைத்திருக்கிறேன். 2000-ஆம் ஆண்டுப் பதிவுகளை அவற்றின் ஞாயிறில்தான் போடுவேன். பெரிய இசைத்தட்டு நிறுவனம் பின்வாங்கிய பிறகு, பாக் தன் பிரதிகளின் அடியில் எழுதிய மூன்றெழுத்தில் கார்டினர் தானே தொடங்கிய எஸ்.டி.ஜி. வெளியிட்டவை. அட்டையில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த முகங்கள். முகத்தைப் பார்த்தே எந்த வாரம் என்று சொல்லிவிடுவேன்.

இந்த வருஷம் லெந்து நடுவில் நண்பர் வீட்டுக்கு வந்தார். “அந்த உங்க ‘ட்’டைத்தான் போடுங்களேன், கேப்போம்” என்றார். ஈஸ்டருக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றேன். சிரித்தார். கடைசியில் அதே நான்காம் கான்டாட்டாவை சுஸுகியில் போட்டோம். அதற்கு விரதம் கிடையாது. முழுக்கக் கேட்டோம். பிசிறே இல்லை.