உருளைக்கிழங்கு வோட்கா எப்படி?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து டாஸ்மாக் பக்கம் ஒதுங்குபவருக்குக் கிடைக்கும் உள்ளூர் வோட்கா, பெரும்பாலும் மொலாசஸிலோ தானியத்திலோ வடித்த 42.8 சதவீதச் சரக்கு. உருளைக்கிழங்கில் வடித்தது வேண்டுமென்றால் போலந்துக்காரரைத்தான் கேட்க வேண்டும். அவர்களுடைய லுக்சுசோவா பிராண்ட் 1928-லிருந்து வருகிறது, 40 சதவீதம். அங்கே விலையும் கையைக் கடிக்காது.

ருசி பார்க்க ஐஸ் வேண்டாம். குளிர், குறையை மறைத்துவிடும். சின்ன கிளாஸில் கொஞ்சம் ஊற்றி முதலில் மோந்து பாருங்கள். ஸ்பிரிட் நெடி மூக்கைக் குத்தினால் அங்கேயே பாதி மார்க் போச்சு. லுக்சுசோவாவில் நெடி அடக்கம். நாக்கில் லேசான இனிப்பு, வடிகஞ்சி மாதிரி ஒரு வழவழப்பு. தொண்டையில் சூடு உண்டு, எரிச்சல் இல்லை. கோதுமை வோட்காவில் இந்தக் கனம் எனக்குத் தட்டுப்பட்டதில்லை.

ஜூஸில் கலந்து குடிப்பவருக்கு உள்ளூர்ச் சரக்கே தாராளம். தனியாக ருசிப்பவர், டூட்டி ஃப்ரீயில் கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்கலாம்.