தொட்டிக்குள் ஒண்டுக்குடித்தனம்

திருச்சியிலிருந்து கரூர் சாலையில் ஜீயபுரம் போகிறவருக்கு வலப்பக்கம் காவிரி துணைக்கு வரும். பங்குனித் திருநாளில் நம்பெருமாள் ஸ்ரீரங்கத்திலிருந்து அந்த ஊருக்கு எழுந்தருளும்போது ஆற்றில் பெரும்பாலும் மணல்தான், அங்கங்கே குட்டைகள். ஒரு குட்டையின் ஓரத்தில் நிழல் விழாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும். நீர்மட்டத்தை ஒட்டி, தலையில் வெள்ளிப் புள்ளி மின்ன, கொசுப்புழுவுக்குக் காத்திருக்கும் விரல் நீள மீன்கள். அதற்குக் கீழே கும்பலாகத் திரும்பித் திரும்பி ஓடும் கெண்டைப்பொடி. அடியில் மணலோடு மணலாக அயிரை. மூன்று மாடி, மூன்று குடித்தனம். வாடகைத் தகராறு இல்லை.

மீன் தொட்டி வைப்பவர்களில் தேர்ந்தவர்கள் செய்வது இந்தக் குட்டையைக் கண்ணாடிக்குள் கொண்டுவரும் வேலைதான். மற்றவர்கள் நிறம் பார்த்து வாங்குகிறார்கள்.

நிறம் பார்த்து வாங்கிய தொட்டி எப்படிப் போகும் என்பது கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். சென்னை கொளத்தூர்ப் பண்ணைகளிலிருந்து ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பைகளில் வந்திறங்கும் மீன்களில் கோல்டு ஃபிஷ் ஒரு ஜோடி, ஏஞ்சல் ஒரு ஜோடி, நியான் டெட்ரா பத்து, டைகர் பார்ப் நாலு, கண்ணாடி சுத்தம் செய்ய ஒரு சக்கர் என்று வீட்டுக்குப் போகும். முதல் இரண்டு நாள் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். பிறகு நாலே நாலாக வந்த டைகர் பார்ப், ஏஞ்சலின் நீண்ட துடுப்புகளைக் கொறிக்கத் தொடங்கும். தன் இனத்தில் எட்டுப் பத்துப் பேர் இருந்தால் அது தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு மற்றவரை விட்டுவிடும் மீன். ஏஞ்சல் வளர வளர நியான் எண்ணிக்கை குறையும். வாய்க்குள் நுழைகிற எதுவும் அதற்கு இரைதான். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த நீரை விரும்பும் கெண்டை ஜாதி, அளவில்லாமல் தின்று கழிக்கும். சித்திரை மாதத்துத் திருச்சியில் தொட்டித் தண்ணீர் முப்பது டிகிரியைத் தாண்டும்போது அது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இந்தக் கதையில் எந்த மீனும் வில்லன் இல்லை. கூட்டிக்கொண்டு வந்தவருடைய தேர்வுதான் தவறு.

தண்ணீரிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. திருச்சியில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பும் கடினமும் கலந்தது. அமேசான் கிளையாறுகளின் மென்மையான, சற்றே அமிலமான நீரில் தோன்றிய நியானுக்கு அது ஒத்துவராது. கப்பி, மோலி, பிளாட்டி மூன்றுக்கும் அதே தண்ணீர் சொர்க்கம். குட்டி போட்டுத் தள்ளும். கம்பரசம்பேட்டையில் காவிரிப் படுகையிலிருந்து எடுத்து வரும் மாநகராட்சிக் குடிநீர் இன்னும் சுகம். ஆனால் குளோரினை ஆன்டி குளோரின் சொட்டு மருந்தால் முறித்த பிறகே ஊற்ற வேண்டும். புதுத் தொட்டியை உடனே மீன்களால் நிரப்பாமல் சில வாரம் விட்டுவைப்பதற்கும் காரணம் உண்டு. மீன் கழிக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற அவ்வளவு காலம் பிடிக்கும். பொறுமை இல்லாதவர் வாங்கும் முதல் மீன்கள் முதல் பலி.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்தால், திருச்சிக்காரருக்கு மிகப் பொருத்தமான கூட்டுத் தொட்டி காவிரி மீன்களின் தொட்டியே என்று தோன்றுகிறது. வெயில், கலங்கல், ஜூனில் மேட்டூர் திறந்ததும் பாயும் புதுநீர், கோடையில் சுருங்கும் குட்டை எல்லாவற்றுக்கும் பழகிய உடம்பு அவற்றுக்கு. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்; சுமார் 250 லிட்டர். அடியில் மாவு போன்ற ஆற்று மணல், ஓரிரு கருங்கல், ஒரு காய்ந்த வேர்.

நடுமாடிக்கு அருலியஸ் பார்ப். டி.சி. ஜெர்டன் 1849-இல் விவரித்த இந்தக் கெண்டை, காவிரியின் மேல்பகுதிக் கிளையாறுகளில் வாழ்வது. கடைத் தொட்டியில் பார்த்தால் சாம்பல் நிறத்தில் மூன்று கறுப்புத் திட்டு, அவ்வளவுதான். யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கருமணல் போட்ட தொட்டியில் சில மாதம் நல்ல தீனி தின்ற பிறகு பாருங்கள். முதுகில் ஊதாப் பளபளப்பு ஏறும், வால் நுனிகள் சிவக்கும், ஆணின் முதுகுத் துடுப்பிலிருந்து இழைகள் நீளும். இரண்டு ஆண்கள் எதிரெதிரே வந்து அந்த இழைகளை விரித்துக் காட்டி ஒன்றையொன்று சுற்றும். பெரும்பாலும் ஒரு செதில்கூட உதிராமல் போட்டி முடிந்துவிடும். எட்டு மீனாவது இருந்தால்தான் இந்தக் காட்சி. இரண்டே இரண்டாக வைத்தால் ஒன்று மற்றதைத் துரத்திக்கொண்டே இருக்கும். ஆற்றில் அருகிவரும் மீன் என்பதால் பண்ணையில் வளர்த்ததையே கேட்டு வாங்க வேண்டும்.

அதோடு நீல உடம்பில் மஞ்சள் கோடு ஓடும் டேனியோ ஒரு கூட்டம், கரிக்கோடு போட்ட ரஸ்போரா ஒரு கூட்டம். டேனியோ எகிறிக் குதிக்கும், மூடி கட்டாயம். எலும்பு தெரியும் கண்ணாடி மீனைச் சேர்ப்பவர்கள் உண்டு. அது கூச்சக்காரர், தீனிப் போட்டியில் தோற்கும். சாயம் ஊசியால் ஏற்றப்பட்ட கண்ணாடி மீனை மட்டும் யாரும் வாங்கக் கூடாது. இயற்கை கொடுத்த ஒளிவுமறைவற்ற உடம்பில் பச்சையும் இளஞ்சிவப்பும் குத்துவது ரசனைக் கேடு, கொடுமையும்கூட.

அடிமாடி அயிரைக்கு. தமிழ்நாடு அதைக் குழம்பில்தான் அறிந்திருக்கிறது. தொட்டியில் அது வாய் நிறைய மணலை அள்ளி, தின்னக்கூடியதைத் தின்றுவிட்டு, மிச்சத்தைச் செவுள் வழியே உதிர்க்கும். திடுக்கிட்டால் ஒரு நொடியில் புதைந்து கண்கள் மட்டும் வெளியே தெரியும். கூர்மையான கலர் சரளைக்கல் போட்ட தொட்டியில் அதன் மீசை கிழிந்துபோகும்.

இனங்களுக்குள் பொறுமை மட்டும் அல்ல, உதவியும் உண்டு என்பதற்கு ஆரஞ்சு குரோமைட் சாட்சி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இந்தச் சிறு மீன், தன் பெரிய உறவினனான பச்சை குரோமைட்டின், அதாவது கேரளத்தார் கரிமீன் என்று பொரித்துத் தின்னும் மீனின், உடம்பில் ஒட்டுண்ணிகளையும் துடுப்பில் பூத்த பூஞ்சையையும் கொத்தி எடுத்துவிடும். இந்தச் சுத்திகரிப்பு உறவை 1972-இல் வைமன், வார்டு என்ற இரு ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இரண்டும் உப்பங்கழி மீன்கள் என்பதால் திருச்சியின் கடினத் தண்ணீர் அவற்றுக்குப் பிரச்சினையே இல்லை. முட்டையிடும் காலத்தில் மட்டும் குரோமைட் ஜோடி தொட்டியின் ஒரு மூலையைப் பட்டா போட்டுக்கொள்ளும்.

காவிரி மீன் என்பதாலேயே எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்துவிடாது. விராலும் குறவையும் தனித்தொட்டி ஆசாமிகள். கெளுத்தி பகலில் சாது, இரவில் கெண்டைப்பொடியை எண்ணிக் குறைக்கும். ஆரல் எந்தச் சந்து வழியாகவும் வெளியேறித் தரையில் கருவாடாகும். பனையேறிக் கெண்டைக்குச் சொல்லவே வேண்டாம். காவிரி கடலைச் சேரும் பக்கத்தில், தரங்கம்பாடியில், 1791-இல் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி அது ஒரு பனைமரத்தில் ஏறுவதைப் பார்த்ததாக எழுதி வைத்தார். அவ்வளவு உயரம் ஏறுமா என்று பின்வந்தவர்கள் சந்தேகப்பட்டாலும், மூடியில்லாத தொட்டியைத் தாண்டும் என்பதில் சந்தேகப்பட்டவர் யாருமில்லை.

பொருந்தாத குடித்தனம் ஆற்றிலும் நடந்திருக்கிறது. 1952-இல் இந்தியாவுக்கு வந்த மொசாம்பிக் திலாப்பியா, ஜிலேபிக் கெண்டை என்ற செல்லப் பெயரோடு ஏரி குளம் எங்கும் நிறைந்துவிட்டது. இதைவிட வருத்தம் தருவது மஷீர் கதை. காவிரிக்கே உரிய கூன்முதுகு மஷீர் இருந்த ஆற்றில், நல்லெண்ணத்தோடுதான், லோனாவாலாப் பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மஷீர் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். வந்தது பெருகியது, இருந்தது ஒடுங்கியது. கூன்முதுகு மஷீரின் அறிவியல் பெயர் டோர் ரெமாதேவி என்று ஆய்வாளர்கள் உறுதிசெய்தது 2018-இல்தான். அமராவதிக்கு நீர் தரும் பாம்பாற்றில் கண்டு முன்பே பெயரிடப்பட்டிருந்த இனமும் இதுவும் ஒன்றே என்று அப்போதுதான் தெரிந்தது. அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலிலும் சேர்ந்தது.

சக்கர் மீன் அடுத்த ஆபத்து. கடையில் இரண்டு அங்குலமாக இருப்பது ஒன்றரை அடி வரை வளரும். தொட்டி கொள்ளாமல் போனதும் சிலர் அதை வாய்க்காலில் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகள் சிலவற்றில் அது ஏற்கெனவே வலைகளில் சிக்குகிறது. கரையைக் குடைந்து முட்டையிடும் பழக்கமும் அதற்கு உண்டு. ஆகவே தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒத்துப்போகாத மீனை உய்யக்கொண்டான் வாய்க்காலிலோ கொள்ளிடத்திலோ விடாதீர்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள்.