ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கை

புதுக்கோட்டை அருகிலுள்ள சித்தன்னவாசல் என்றவுடன், அங்குள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயில் விதானத்துத் தாமரைக் குள ஓவியத்தைப் பேசி முடித்துக்கொள்வது ரசிகர்களின் வழக்கமாகிவிட்டது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் 9ஆம் நூற்றாண்டில் திருப்பணி செய்த கோயிலின் அவ்வோவியம் பெருஞ்செல்வம் என்பதில் ஐயமில்லை. எனினும் அதே குன்றின் உச்சிப் பகுதியில், ஏழடிப்பட்டம் எனப்படும் இயற்கைக் குகையில் கிடக்கும், துறவிகளுக்கான பதினேழு கற்படுக்கைகளே சமணக் கலையின் நுட்பத்தை அறியச் சிறந்த இடம்.

அவற்றுள் அளவில் பெரியதும் பழையதுமான படுக்கையின் ஓரத்தில், தமிழியில், அதாவது தமிழ் எழுதப்பட்ட தொன்மையான பிராமி வரிவடிவில், ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டுக் கல்வெட்டு உள்ளது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்கு இளயர் செய்தளித்த அதிட்டானம், அதாவது இருக்கை, என்பது அதன் செய்தி. உடல் சுகத்தைத் துறந்து வந்தவருக்குப் பாறையைப் பளபளப்பாகத் தேய்த்து, தலைப்பக்கத்தைத் தலையணைபோல் சற்றே உயர்த்திக் கொடுத்த அந்தச் சிறு மேட்டில், கொடுத்தவரின் அன்பும் கொத்தரின் அளவறிவும் ஒருசேரத் தெரிகின்றன. எல்லோராவின் சமணக் குடைவரையான இந்திரசபையை அளவுகோலாகக் கொள்வோர் இதனை வெறுங்கல் என்பர். சிற்பத்தின் மிகுதியை மட்டுமே கலை எனக் கொள்ளும் கண்ணுக்கு வேறெதுவும் தோன்றாது.

பாறையின் பயனை அறிந்தோர் வேறு நாட்டிலும் உண்டு. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்துப் புர்க்பெர்க் குன்றில், குளிர்சாதன இயந்திரம் வராத காலத்தில் பீரைக் குளிர்ச்சியாக வைக்க மணற்பாறையைக் குடைந்து நிலவறைகள் அமைத்தனர். 1755இல் தொடங்கிய குன்றுத் திருவிழா இன்றும் அவற்றின் முன்னரே நடைபெறுகிறது. பாறையின் தண்மையை இரு நாட்டாரும் அறிந்திருந்தனர். ஆனால் அங்கே பயன்பாடு தொடர்வதால் பராமரிப்பும் தொடர்கிறது. இங்கோ துறவிகள் நீங்கியபின் படுக்கைகள் கேட்பாரற்றுப் போயின. மதுரை வட்டாரக் குன்றுகள் சிலவற்றில் ஆணியால் கீறிய காதலர் பெயர்கள் ஈராயிரமாண்டு எழுத்துகளுக்கு அருகிலேயே நிற்கின்றன. வேறு சில குன்றுகளைக் கிரானைட் வெட்டு விழுங்கியது. அதே மதுரை வட்டாரத்தில், சமணப் படுக்கைகள் உள்ள அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விடப்பட்ட ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானதற்கு ஊர் மக்களின் போராட்டமே காரணம். கலை ரசிகர்களின் குரல் அதில் எத்தனை பங்கு வகித்தது என்பது வேறு கேள்வி.

எர்லாங்கனிலிருந்தோ அண்டை ஊரிலிருந்தோ விடுமுறையில் வருவோர், வெயில் ஏறுமுன் ஏழடிப்பட்டத்துக்கு முதலில் சென்று, தாமரைக் குளத்தைப் பிறகு பார்ப்பது நல்லது. படுக்கையின்மேல் அமர்ந்து படமெடுப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும்.