முதற்செய்தியும் மெய்ச்செய்தியும்

பேரிடர் நேர்ந்தவுடன் வெளிவரும் செய்திகள் பலகாற் பிழைபடுகின்றன. பத்திரிகையாளரின் பொய்ம்மையும் வணிக வேட்கையுமே அதற்குக் காரணம் எனப் பலர் எளிதிற் கூறிவிடுவர். அக்கூற்று முற்றும் பொருந்துவதன்று. ஏமாற்றும் நோக்கமின்றியே பெயர்பெற்ற பத்திரிகைகளும் பெரும்பிழைகளை வெளியிட்டுள்ளன. அவற்றுள் இரண்டினை ஈண்டு ஒப்புநோக்குவாம்.

1912 ஏப்பிரல் 14 ஆம் திகதி இரவு 11.40 மணிக்கு ரைற்றானிக் என்னும் கப்பல் வட அத்திலாந்திக் கடலிற் பனிப்பாறையொன்றுடன் மோதிற்று. மறுநாள் அதிகாலை 2.20 மணிக்கு மூழ்கிற்று. 1,500 பேருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். எனினும், 15 ஆம் திகதி நியூயோர்க்கில் வெளிவந்த 'ஈவினிங் சன்' பத்திரிகை, பயணிகள் யாவரும் காப்பாற்றப்பட்டனர் எனத் தலைப்பிட்டது. கப்பல் கலிபாக்சுத் துறைமுகத்துக்கு இழுத்துச் செல்லப்படுகின்றது என்ற செய்தியும் பரவிற்று.

இச்செய்தி எங்ஙனம் தோன்றிற்று? அந்நாளில் அக்கடற்பரப்பில் வேறொரு கப்பல், எண்ணெய்க் கப்பலொன்றைக் கலிபாக்சை நோக்கி இழுத்துச் சென்றுகொண்டிருந்தது. ரைற்றானிக் பயணிகள் நலமோ என வினவிய கம்பியில்லாத் தந்தியும் உலவிற்று. ஒரு வினாவும், பிறிதொரு கப்பலைப் பற்றிய செய்தியும் ஒன்றோடொன்று கலந்து ஒரு விடையாயின எனப் பின்னர் விளக்கம் கூறப்பட்டது. கயிற்றைப் பாம்பெனக் காண்பதைத் திரிபுக்காட்சி என்பர் அளவை நூலார். ஈண்டோ, பாம்பைக் கயிறெனக் காணவே யாவரும் விழைந்தனர். மூழ்காத கப்பல் என்ற நம்பிக்கை அவ்விழைவுக்கு அரணாயிற்று.

ஆயின், நன்மையை விழைதலே பிழைக்கு மூலம் என முடிவுகட்டலாகாது. 1900 ஆம் ஆண்டிற் சீனத்திலே பொக்சர் கிளர்ச்சி மூண்டபோது, பீக்கிங் நகரிலிருந்த அயல்நாட்டுத் தூதரகங்கள் யூன் 20 ஆம் திகதி முதல் முற்றுகைக்குள்ளாயின. தந்தித் தொடர்பு அறுந்தது. யூலை 16 ஆம் திகதி இலண்டன் 'டெயிலி மெயில்', சாங்காயிலிருந்து வந்த செய்தியை நம்பி, தூதரகங்களில் இருந்தோர் படுகொலையுண்டனர் என விரிவாக எழுதிற்று. 'ரைம்ஸ்' பத்திரிகை தன் சொந்த நிருபராகிய மொறிசனுக்கே இரங்கலுரை வெளியிட்டது. சென் போல் பேராலயத்தில் நினைவு வழிபாடொன்றும் ஒழுங்குசெய்யப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. ஓகஸ்ட் 14 ஆம் திகதி மீட்புப்படை நகருட் புகுந்தபோது, முற்றுகையுட் பட்டோரிற் பெரும்பாலார் உயிரோடிருந்தனர், மொறிசனும் இருந்தார்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கண்டவர் பேச இயலாதிருந்தனர், பேசியவர் கண்டிலர். இடையே நின்றது மௌனம். அதனை முன்னதில் நம்பிக்கையும் பின்னதில் அச்சமும் நிரப்பின. இடர் பெரிதாகுந்தோறும் செய்தி வரும் வழி முதலில் அழிகின்றது. அவ்வேளையிலேயே செய்திக்கான தவிப்பும் மிகுகின்றது. முதற்செய்தியின் பிழைக்கு வேர் இதுவே.

பிழையைத் தவிர்த்தற்கு வழியில்லையோ எனின், உண்டு. ஏப்பிரல் 15 ஆம் திகதிக் காலையில் வெளிவந்த 'நியூயோர்க் ரைம்ஸ்', கப்பல் பனிப்பாறையோடு மோதியது, நள்ளிரவில் அதன் முற்பகுதி அமிழ்ந்துகொண்டிருந்தது, பெண்கள் படகுகளில் இறக்கப்பட்டனர், 12.27 மணிக்கு வந்த இறுதித் தந்தி தெளிவற்றிருந்தது என்பவற்றைத் தலைப்பிலேயே நிரற்படத் தந்தது. தந்தி நின்ற வேளையையும் அது செய்தியாக்கியமை கருதத்தக்கது. கப்பல் ஒருகால் தப்பியிருப்பினும் அத்தலைப்புப் பொய்யாகியிராது. ஆதலின், அதன் சிறப்பு நல்லூழால் வந்ததன்று. அறிந்ததையும் அறியாததையும் பகுத்துக் காட்டிய முறையால் வந்ததாகும்.

உறுதி கிடைக்குந்துணையும் செய்தியை வெளியிடாதிருத்தல் இயலுமோ எனச் சிலர் வினவுவர். அங்ஙனம் காத்திருக்குமாறு நாம் கூறவில்லை. சொல்லும் வாக்கியம் தன் அறிவின் எல்லையையும் உடன் சொல்லுதல் வேண்டும் என்பதே நம் கருத்து. கண்டது, கருதியது, கேட்டது ஆகிய மூன்றையும் ஒரே குரலிற் கூறும் செய்தி, அதனுள் ஒவ்வொரு சொல்லும் நன்னோக்கோடு எழுதப்பட்டதாயினும், குற்றமுடையதேயாம்.

அக்குற்றத்தின் சுமையைத் தாங்குவோர் பத்திரிகையாளர் அல்லர். ரைற்றானிக் பயணிகளின் சுற்றத்தார், யாவரும் பிழைத்தனர் எனப் பகலில் ஆறுதலுற்று, ஒலிம்பிக் கப்பலின் தந்தி அன்று மாலை நியூயோர்க்கை அடைந்தபின் அழ நேர்ந்தது. முதலிலேயே 'அறியோம்' என்றிருப்பின், அவர்தம் துயர் ஒருமுறையோடு நின்றிருக்கும். இன்று செய்தி ஒவ்வொருவர் கையிலுமுள்ள தொலைபேசியின் வழியே பரவுகின்றது. ஆகவே, 'அறியோம்' என்று சொல்லும் துணிவு நிருபருக்கு மட்டுமன்றி நம் ஒவ்வொருவருக்கும் வேண்டப்படுவதாயிற்று.