ஏதுவும் ஏதுப்போலியும்

நோய் விளைக்கும் பற்றீரியத்தின் பரம்பரையலகு ஒன்றை ஆய்வாளர் வேண்டுமென்றே நீக்குகின்றனர். அதன்பின் அக்கிருமி எலியிடத்து வன்மை குன்றிக் காணப்படின், நீக்கிய அலகே அவ்வன்மைக்குக் காரணம் எனத் துணிகின்றனர். இத்துணிபு எளியது, ஆயினும் அதன் அடிப்படை ஆராயற்பாலது.

ஓரலகைத் தவிர வேறெதுவும் மாறவில்லை என்னும் எடுகோளே இதற்கு ஆதாரம். ஆனால், அலகை நீக்கி, வேண்டிய கிருமியைத் தெரிந்து பெருக்குவதற்குள் அது பல தலைமுறைகளைக் கடந்துவிடுகின்றது. அவற்றிடையே வேண்டாத விகாரங்களும் தாமாகத் தோன்றும். கசநோய்க் கிருமி இதற்குத் தக்க சான்று. அதன் உறையிலுள்ள மெழுகுப்பொருள் ஒன்று உடலினுள் நோய் விளைக்கப் பெரிதும் துணைபுரிவது. ஆய்வுகூட ஊடகத்திலோ அது வேண்டப்படுவதில்லை. அதனை ஆக்கும் ஆற்றலை இக்கிருமி அங்கே தானாகவே இழந்துவிடுதலை டொமெனெக், றீட் என்னும் இருவர் 2009 இல் எடுத்துக்காட்டினர். எனவே, அலகு நீக்கத்தால் வந்ததெனக் கருதப்படும் மெலிவு, மெழுகின் இழப்பால் வந்ததாகவும் இருத்தல் கூடும். விதைநெல்லிற் கலப்பிருக்க, விளைவு குன்றியதற்குப் பசளையைப் பழித்தல் பொருந்தாமையை வன்னி உழவர் நன்கறிவர்.

மணிமேகலையின் 29 ஆம் காதை ஏதுப்போலிகளுள் அநைகாந்திகத்தையும் எண்ணுகின்றது. சாதிக்கவேண்டிய பொருளிடத்தும் அதற்கு மாறானவிடத்தும் ஒருங்கே செல்லும் ஏது எதனையும் நிறுவாது. மெலிவு என்னும் ஏதுவும் அத்தகையதே. அலகு நீங்கியவிடத்தும் அது காணப்படும். அலகு நீங்காது மெழுகு மட்டும் நீங்கியவிடத்தும் காணப்படும்.

இவ்விடர் தீர வழியுண்டு. நீக்கிய அலகை மீண்டும் கிருமியினுட் புகுத்தினால் வன்மை மீளல் வேண்டும் என்பது ஸ்ரான்லி போல்கோ 1988 இல் வகுத்த விதிகளுள் ஒன்று. மீளாதாயின் காரணத்தைப் பிறிதோரிடத்தில் தேடவேண்டும்.

பி.சி.ஜி. தடுப்பு மருந்தின் வரலாறு இவ்விதியின் பயனை உணர்த்தும். கல்மெற், கெறின் இருவரும் 1908 முதல் 1921 வரை மாட்டுக் கசநோய்க் கிருமியை 230 முறை மாற்றி வளர்த்து மெலிவித்தனர். எவ்வலகு நீங்கியது என அவர் அறியார். அது இழந்த பகுதிகளுள் முதன்மையானது பிற்காலத்தே கண்டறியப்பட்டது. 2002 இல் அப்பகுதியை மீளப் புகுத்தியபோது வன்மை ஓரளவே திரும்பியது. ஆகவே அவ்விழப்பு ஒரு காரணம். முழுக் காரணம் அன்று.

1968 இல் செங்கல்பட்டில் தொடங்கிய பெரும் பரிசோதனையில், வளர்ந்தோரின் நுரையீரற் கசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை. வளர்ப்பிடையே நேர்ந்த திரிபையே இதற்குக் காரணமாகக் கூறுவாரும் உளர். சூழலில் வாழும் இனக்கிருமிகளின் தாக்கமும் காரணமாகக் கூறப்படுகின்றமையின், அதுவும் ஒன்றைக் கண்டு மற்றொன்றை மறக்கும் பிழையே. மூளையுறைக் கசநோயினின்று குழந்தைகளைக் காக்கும் அம்மருந்து இலங்கையிற் பிறந்தவுடன் இடப்படுகின்றது. பிழையான ஏதுவைக் கொண்டு அதனை இகழ்ந்தாலும், புதியதொன்றை அமைத்தாலும், இழப்பு அக்குழந்தைகளுக்கே. நீக்கியதை மீட்டுவைத்துப் பாராத ஆய்வு முடிந்த ஆய்வன்று.